பெகெய்ன்ஹோஃப் முதியோர் இல்லமா? ஹார்லெம் முற்றத்து வீடுகள் பற்றி

கேள்வி (பிப்ரவரி 8, காலை)

ஆம்ஸ்டர்டாமில் இரண்டு நாள் இருந்தோம். கடைத்தெருவை ஒட்டியே ஒரு கதவு. அதைத் திறந்து போனால் பெகெய்ன்ஹோஃப் என்று ஒரு முற்றம், சுற்றிலும் உயரமான வீடுகள், நடுவில் புல்வெளி, ஒரு சர்ச். பணக்காரர்கள் ஏழைக் கிழவிகளுக்கு இலவசமாகக் கட்டிக்கொடுத்த 'ஹோஃபியே' இது என்று கூட வந்தவர் சொன்னார். அப்படியானால் 600 வருடத்துக்கு முந்தைய முதியோர் இல்லம்தானே? ஏன் பெண்களுக்கு மட்டும்? நிஜமாகவே இலவசமா? அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு

கூட வந்தவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார்.

நீங்கள் பார்த்தது பெகீன்களின் முற்றம். பெகீன் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை. கத்தோலிக்கப் பெண்கள், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஜெபித்தார்கள். ஆனால் ஆயுள் முழுக்கக் கட்டுப்படுத்தும் சபதம் எதுவும் கிடையாது. வேண்டாம் என்றால் வெளியே வந்து கல்யாணம் செய்துகொள்ளலாம். சொந்தச் சொத்து வைத்துக்கொள்ளலாம். துணி வெளுத்தார்கள், நெய்தார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். தானத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. உழைத்துச் சாப்பிட்டார்கள்.

வீடு அவர்கள் பெயரில் இருந்ததுதான் பிறகு அவர்களைக் காப்பாற்றியது. 1578இல் ஆம்ஸ்டர்டாம் புராட்டஸ்டன்ட் கைக்குப் போனபோது மடங்களையும் கோயில்களையும் எடுத்துக்கொண்டார்கள். பெகீன்களின் கோயிலும் போயிற்று. 1607இல் அதை ஆங்கிலேய புராட்டஸ்டன்டுகளுக்குக் கொடுத்தார்கள், நீங்கள் பார்த்த சர்ச் அதுதான். ஆனால் வீடுகளைத் தொட முடியவில்லை, அவை தனிச்சொத்து. அந்தப் பெண்கள் எதிர்ப்பக்கம் இரண்டு வீடுகளைச் சேர்த்து, வெளியிலிருந்து பார்த்தால் வீடு போலவே தெரியும்படி உள்ளே ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள், 1671இல். இப்போதும் இருக்கிறது. சர்ச்சுக்கு எதிரே திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரியாமல் போயிருந்தாலும் தப்பில்லை, தெரியக்கூடாது என்றுதான் கட்டினார்கள்.

ஹோஃபியே வேறு. அதைப் பார்க்க ஹார்லெம் போக வேண்டும். ரயிலில் கால் மணி நேரம்தான். நான் இருப்பது அங்கேதான், வேலை நிமித்தமாக ஒரு ஹோஃபியேவுக்குள் தினமும் போய் வருகிறேன். நாளைக்கு எழுதுகிறேன், காலை ஐந்தரைக்கு எழ வேண்டும்.

பிப்ரவரி 9, மாலை

'ஹோஃப்' என்றால் முற்றம். பின்னால் வரும் 'யே' செல்லமாகச் சின்னதாக்கும் ஒட்டு. ஆக, குட்டி முற்றம். பெயரிலேயே வீடு இல்லை, முற்றம்தான் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

ஹார்லெமில் இன்றைக்கும் 20க்கு மேல் இருக்கின்றன. நாட்டிலேயே மிகப் பழையதும் இங்கேதான்: 1395இல் டிர்க் வான் பாகெனெஸ் என்பவரின் உயிலால் உண்டானது. வாசல் மேலே எட்டு, இரண்டு, ஆறு என்ற எண்களை வைத்து ஒரு கணக்குப் புதிர் எழுதியிருக்கிறார்கள். எட்டையும் இரண்டையும் கூட்டி ஆறால் பெருக்கினால் 60 வரும் என்பார்கள். உள்ளே இடம் கேட்கும் பெண்ணுக்கு அவ்வளவு வயது ஆகியிருக்க வேண்டும். வயதைக் கேட்பதை ஒரு விடுகதையாக்கியிருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். முதல் தடவை தெருவில் நின்று விரல் விட்டு எண்ணினேன்.

அமைப்பு எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தெருவில் ஒரு வாசல் மட்டும். உள்ளே ஒரு குறுகலான நடை. அதைத் தாண்டினால் முற்றம், நடுவில் கைப்பம்பு, சுற்றிலும் தோளோடு தோள் ஒட்டிய சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஏன் இப்படி ஒளிந்த மாதிரி இருக்கிறது என்று கேட்பார்கள். தெருவைப் பார்த்த மனைக்கு அந்தக் காலத்திலும் விலை அதிகம். வீடுகளின் புழக்கடைப் பக்கம் வீணாகக் கிடந்த உள்மனை மலிவு. அங்கே கட்டிக்கொண்டு, வாசலுக்கு மட்டும் தெருவில் இடம் பிடித்தார்கள். அமைதி அதனால் கிடைத்தது. பத்தடி நடை ஒன்றுதான் நடுவில், சைக்கிள் மணி சத்தம் நின்றுவிடும்.

ஒரு வீடு என்பது முதலில் ஒரு அறைதான். ஒரு பக்கம் கணப்பு, ஒரு பக்கம் சுவருக்குள் அலமாரி மாதிரி அமைத்த கட்டில். அதற்கு 'பெட்ஸ்டே' என்று பெயர். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தூங்குவார்கள். குளிருக்கு அது நல்லது. மேலே ஒரு பரண். கழிப்பறை பொது. தண்ணீர் பம்பில்.

பிப்ரவரி 9, மாலை, திரும்பவும்

லெய்டன் நகரத்திலும் நிறைய உண்டு, விட்டுவிட்டேன். அங்கே 1492இல் வந்த அன்னாள் ஹோஃபியேவில் ஒரு சின்னஞ்சிறு கோயில். 1566இல் நாடு முழுக்க உருவங்களை உடைத்துக்கொண்டு வந்த கூட்டம் அதை விட்டுவிட்டது, பழைய பீடம் அப்படியே நிற்கிறது. வாசல் சின்னதாக இருந்ததால் தப்பியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 11

'இலவசமா?' என்ற கேள்வி. இதற்கு ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

வாடகை கிடையாது. அதற்கு மேல் படியும் அளந்தார்கள். 'ப்ரோவெ' என்று அதற்குப் பெயர், நம் 'படியளக்கிற' படி என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ரொட்டி அல்லது ரை என்ற தானியம், வெண்ணெய், பீர் (அந்தக் காலத்தில் வாய்க்கால் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாது), கொஞ்சம் காசு, எல்லாவற்றையும் விட முக்கியமாக டர்ஃப். சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்த எரிமண் அது. விறகு அரிதான நாட்டில் குளிர்காலத்தைத் தாண்ட அதுதான் வழி. எந்த ஹோஃபியேவின் பழைய விதிகளை எடுத்தாலும் டர்ஃப் எத்தனை கூடை என்பது வரும். அதைப் பார்த்தால்தான் அந்தக் கிழவிகளின் பயம் எதுவாக இருந்தது என்று தெரிகிறது. பசியை விடக் குளிர்.

இதெல்லாம் சும்மா கிடைக்கவில்லை. உள்ளே வரும்போது கட்டில் துணி, பாத்திரம், நாற்காலி சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். ஒன்றுமே இல்லாத பரம ஏழைக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். 'மானமுள்ள ஏழை' என்று ஒரு வகுப்பு உண்டே, நன்றாக வாழ்ந்து நொடித்த விதவை, ஒரே வீட்டில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்ந்த பணிப்பெண், அவர்களுக்குத்தான். பல இடங்களில் அந்தப் பெண் இறந்ததும் அவள் சாமான்கள் ஹோஃபியேவுக்குச் சேரும். ராத்திரி வாசல் பூட்டப்படும். ஆண் யாரும் தங்கக் கூடாது. சண்டை போடக் கூடாது. எந்தச் சபையின் ஹோஃபியேவோ அந்தச் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கத்தோலிக்கக் காலத்தில் இன்னொரு வாடகையும் இருந்தது: கட்டிக்கொடுத்தவரின் ஆன்மாவுக்காகத் தினமும் ஜெபம். செத்துப்போன டிர்க்குக்காக ஒரு முற்றம் நிறையக் கிழவிகள் வருடக்கணக்கில் வேண்டிக்கொண்டே இருப்பார்கள். அவர் கட்டியது அவர்களுக்காகவா தனக்காகவா என்றால், இரண்டுக்கும்தான்.

மதம் மாறிய பிறகு ஜெபம் போயிற்று, பெயர் நின்றது. வாசலைப் பாருங்கள், பலவற்றில் குடும்பச் சின்னம் செதுக்கியிருக்கும். பிள்ளை இல்லாதவர்கள் நிறையப் பேர் கட்டினார்கள். வில்லெம் வான் ஹெய்ட்ஹய்சென் என்று ஒரு துணி வியாபாரி, கல்யாணம் ஆகாதவர், பெரும் பணக்காரர், 1650இல் இறந்தார். அவர் சொத்தில் ஊருக்கு வெளியே அவருடைய தோட்ட வீட்டு இடத்தில் ஒரு ஹோஃபியே எழுந்தது. ஹார்லெம் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அவரை இரண்டு தடவை வரைந்திருக்கிறார். ஒன்றில் வாளோடு நிமிர்ந்து நிற்பார். இன்னொன்றில் கால் மேல் கால் போட்டு, நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, விழுந்துவிடுவாரோ என்று நமக்கே பயம் வரும். அந்த மனிதர் கட்டியதாக நினைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்த முற்றம் வேறு மாதிரி தெரிகிறது.

பிப்ரவரி 12

ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார்: "பூட்டு, விதி, ஜெபம், சாமானும் போச்சு. இது சிறைதானே?" நேற்று நான் எழுதியதைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். எனக்கே தோன்றியது. ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன், நான் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று.

நான் செய்வது வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலை. ஹோஃபியேவில் ஒரு பெண்மணி, வயது 80ஐத் தாண்டியது. பெயரும் இடமும் வேண்டாம். மெவ்ரௌ என்றுதான் கூப்பிடுவேன், இந்த ஊரில் வயதான பெண்களை அப்படித்தான். காலையில் போய் அவருக்குக் கால் வீக்கத்துக்கான இறுக்கமான காலுறையை மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. வழுக்குகிற ஒரு பட்டுப் பையைப் பாதத்தில் போட்டு, அதன் மேல் காலுறையை ஏற்றி, குதிகாலைச் சரியாக உட்காரவைத்து, சுருக்கம் இல்லாமல் முழங்கால் வரை இழுத்து, கடைசியில் விரல் பக்கம் பையை உருவி எடுக்க வேண்டும். காலுக்கு ஐந்து நிமிடம்.

என்னிடம் அவர் வீட்டுச் சாவி உண்டு. ஆனால் நான் திறக்கக் கூடாது. தட்டிவிட்டு நிற்க வேண்டும். கட்டிலிலிருந்து எழுந்து, வாக்கரைப் பிடித்து, நாலு எட்டு வைத்து, அவரே தாழ்ப்பாளை எடுத்துத் திறப்பார். குளிரில் சில நாள் மூன்று நிமிடம் ஆகும். முதல் வாரம் ஒரு நாள் மழை என்று நானே திறந்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "இது என் கதவு" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நின்றேன்.

விட்டுப்போனது அதுதான். அதே நூற்றாண்டுகளில் அதே ஊர்களில் வயதானவர்களைப் பெரிய கூடங்களில் வரிசைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். ஹோஃபியேவில் வந்த பெண்ணுக்கு ஒரு அறைதான், ஆனால் அதற்கு ஒரு கதவு, அந்தக் கதவை உள்ளிருந்து தாழிடலாம். தன் அடுப்பில் தனக்குப் பிடித்ததைத் தான் சமைக்கலாம். ராத்திரி வெளிவாசலை வேறு யாரோ பூட்டினாலும், உள்வாசல் அவளுடையது. சிறை என்ற சொல்லை நான் ஏற்கவில்லை.

பிப்ரவரி 15

ஏன் பெண்களுக்கு மட்டும்.

கிழவர்களுக்கும் இருந்தது, வேறு மாதிரி. ஹார்லெமில் 1609இல் முதிய ஆண்கள் இல்லம் திறந்தார்கள். பணம் திரட்டியது லாட்டரி நடத்தி! முற்றத்தைச் சுற்றி 30 சின்ன வீடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், ஆக 60 கிழவர்கள். 60 வயது ஆகியிருக்க வேண்டும், ஒற்றையாக இருக்க வேண்டும், ஊரில் நல்ல பெயர் இருக்க வேண்டும். வரும்போது கொண்டுவர வேண்டியவை: கட்டில், மெத்தை வைத்த நாற்காலி, ராத்திரியில் சிறுநீர் கழிக்கத் தகரப் பாத்திரம், மூன்று போர்வை, ஆறு நல்ல சட்டை, ஆறு ராத்திரித் தொப்பி. கோடையில் எட்டு மணிக்கு, குளிர்காலத்தில் ஏழு மணிக்கு உள்ளே வைத்துப் பூட்டு. வாரா வாரம் உண்டியல் எடுத்துக்கொண்டு ஊருக்குள் வசூலுக்கும் போக வேண்டும். உண்டியலோடு நிற்கும் கிழவர் சிலை ஒன்று வாசல் கூடத்தில் இன்னும் இருக்கிறது.

வித்தியாசம் சாப்பாட்டில். ஆண்களுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும், அவர்களுக்குத் தனியாகக் குடித்தனம் நடத்தத் தெரியாது என்று வைத்துக்கொண்டார்கள். பெண் தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்வாள். ஆகவே ஒரு கூரையும் கொஞ்சம் டர்ஃபும் கொடுத்தால் போதும், பெண்ணுக்குச் செலவு குறைவு. இத்தோடு, கணவன் போனால் பெண்ணுக்கு வருமானம் போயிற்று என்பதும் உண்டு. இரக்கமும் சிக்கனமும் சேர்ந்துதான் இத்தனை பெண்கள் ஹோஃபியே வந்தது.

எனக்கு இதில் ஒரு ஆச்சரியம். பெண் என்றால் சமையல் என்ற அதே பழைய நினைப்புதான் கடைசியில் பெண்களுக்குத் தனிக்கதவு வாங்கிக்கொடுத்திருக்கிறது. ஆண்கள் இரண்டிரண்டு பேராக ஓர் அறையில் குறட்டை கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

அந்த ஆண்கள் இல்லம்தான் இப்போது ஃபிரான்ஸ் ஹால்ஸ் மியூசியம். நடுவில் அநாதை இல்லமாக இருந்து, 1913இல் மியூசியம் ஆயிற்று. ஹால்ஸே கடைசி காலத்தில் ஏழையாகி அங்கேதான் இருந்தார், அங்கேயே இறந்தார்.

பிப்ரவரி 15, இரவு 11

மேலே கடைசி வரி தவறு. ஊரில் வருடக்கணக்காகக் கேட்ட கதை, யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஹால்ஸ் அந்த இல்லத்தில் இருந்ததில்லை. அவர் ஏழையானது உண்மை. 1664இல் நகரசபை அவருக்கு வருடம் 200 கில்டர் உதவித்தொகையும், மூன்று வண்டி டர்ஃபும் கொடுத்தது. 1666இல் இறந்தார். எண்பது வயது தாண்டிய ஓவியர், மனைவியோடு தன் வீட்டிலேயே இருந்து குளிர் காய்ந்தார். பாருங்கள், அங்கேயும் டர்ஃப்.

அவர் அந்த இல்லத்துக்காக வரைந்தார், அதுதான் கதையாகத் திரிந்துவிட்டது. அழித்துவிட்டுத் திருத்தியிருக்கலாம், ஆனால் இந்தக் கதையை நம்புகிறவர்கள் நிறைய. இரண்டும் கீழே மேலே கிடக்கட்டும்.

பிப்ரவரி 19

ஹால்ஸ் அந்த இல்லத்துக்காக வரைந்த இரண்டு படங்களைப் பார்க்க நேற்று மியூசியம் போனேன். எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை.

இரண்டும் 1664 வாக்கில் வரைந்தவை. ஒன்று ஆண்கள் இல்லத்தின் அறங்காவலர்கள், இன்னொன்று பெண் அறங்காவலர்கள். ஹோஃபியேக்களையும் இப்படிப்பட்டவர்கள்தான் நடத்தினார்கள். நம் ஊரில் தர்மகர்த்தா என்பது போல. கூலி கிடையாது, கௌரவம் உண்டு. யாருக்கு வீடு, யாருக்கு எவ்வளவு படி, யாரை வெளியேற்றுவது, எல்லாம் இவர்கள் வாய்ச்சொல். ஆண்கள் பணத்தையும் நிலத்தையும் பார்த்தார்கள். பெண்கள் உள்ளே என்ன நடக்கிறது, துணி சுத்தமா, ரொட்டி சரியாக வந்ததா என்று பார்த்தார்கள்.

ஆண்கள் படத்தில் ஒருவர் தொப்பி ஒரு பக்கம் சரிந்து, கண்ணும் வாயும் ஒரு மாதிரி தளர்ந்து இருப்பார். குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார் என்று நெடுநாள் பேச்சு. முகத்தில் ஒரு பக்கம் வாதம் இருந்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. வேலையில் அப்படிப்பட்ட முகங்களைத் தினமும் பார்க்கிறேன்.

பெண்கள் படத்தில் நான் பார்ப்பது கைகளை. கறுப்பு உடை, கறுப்புப் பின்னணி, வெள்ளைக் கழுத்துத் துணி, வெறும் கைகள். உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மடியில் கிடக்கும் கையை நாலைந்து தீற்றலில் முடித்திருக்கிறார். பக்கத்தில் போனால் வெறும் சாயம். இரண்டடி பின்னால் வந்தால் நரம்பு தெரியும், மூட்டு வீங்கியது தெரியும். வரைந்தவர் கையும் அப்போது அப்படித்தான் இருந்திருக்கும்.

படத்தில் அறங்காவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தயவில் இருந்த கிழவர்களும் கிழவிகளும் எந்தப் படத்திலும் இப்படிப் பெயரோடு இல்லை. ஆறு தொப்பியின் கணக்கு இருக்கிறது, தொப்பி போட்டிருந்தவரின் முகம் இல்லை. இது எனக்கு வருத்தம்.

பிப்ரவரி 23

பணம் எங்கிருந்து வந்தது, 600 வருடம் எப்படி ஓடியது என்று கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: கட்டும்போதே நிலம் எழுதிவைத்தார்கள். குத்தகை வரும். பிறகு அரசாங்கக் கடன் பத்திரங்கள். வட்டி வரும். வட்டி வந்தவரை டர்ஃப் வந்தது.

பெரிய அடி 1810இல். நெப்போலியன் நாட்டைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டதும், அரசாங்கக் கடனுக்கு வட்டி மூன்றில் ஒரு பங்குதான் தருவேன் என்று சொல்லிவிட்டார். பத்திரத்தை நம்பியிருந்த தர்ம நிறுவனங்கள் எல்லாம் ஆடிப்போயின. நூறு ரூபாய் வரும் இடத்தில் முப்பத்துமூன்று வந்தால் எதைக் குறைப்பது? படியைத்தான். பாரிசில் போட்ட ஒரு கையெழுத்து இங்கே ஒரு கிழவியின் வெண்ணெயில் கை வைத்தது.

நிலத்தை விற்காமல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். பணம் நிறைய இருந்தவர்களும் பிழைத்தார்கள். பட்டு வியாபாரம் செய்து வங்கி நடத்திய பீட்டர் டெய்லர் 1778இல் இறந்தபோது விட்டுப்போன சொத்தில் நாட்டின் முதல் மியூசியமும் வந்தது, 1787இல் ஒரு ஹோஃபியேவும் வந்தது. ஸ்பார்ன ஆற்றங்கரையில் தூண் வைத்த வாசல், அரண்மனைக்குப் போகிற மாதிரி இருக்கும். 24 வீடுகள். அழகுதான், ஆனால் எனக்கு அந்த வாசல் கொஞ்சம் அதிகம். கையில் துணி மூட்டையோடு வந்த ஒரு கிழவி அந்தத் தூண்களுக்கு நடுவே எப்படி நுழைந்திருப்பாள் என்று நினைப்பேன்.

பிப்ரவரி 27

வேலைக்குப் போகும் வழியில் வான் லோ ஹோஃபியேவைத் தாண்டித்தான் போக வேண்டும். 1489இல் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்தது. 1885இல் தெருவை அகலமாக்கத் தெருப்பக்கத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். மூன்று பக்கம்தான் மிச்சம். இப்போது நடைபாதையில் நின்றாலே பம்பு, செடி, கதவுகள் எல்லாம் தெரிகிறது.

டூரிஸ்டுகளுக்கு அது வசதி, நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கு அங்கே ஒரு நிமிடம் நிற்க மனம் வராது. வாயில் முன்பல் போன மாதிரி இருக்கிறது. வேறு எந்த ஹோஃபியேவிலும் கிழவிகள் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு வெயில் காய்வார்கள். இங்கே நான் போகும் நேரங்களில் ஒருவரையும் வெளியே பார்த்ததில்லை. நான் போவது காலை ஆறேகால் மணி என்பதும் காரணமாக இருக்கலாம். சரி, இதை வைத்து எதையும் நிரூபிக்க வரவில்லை.

பிப்ரவரி 27, மதியம்

கேட்டவருக்கு விட்டுப்போன ஒரு கதை, பெகெய்ன்ஹோஃப் பற்றி. சர்ச்சின் ஓரத்தில் தரையில் ஒரு கல் பதித்திருக்கும். கொர்னேலியா ஆரென்ஸ் என்ற பெகீன், 1654இல் இறந்தவர். தன் கோயிலை மாற்று மதத்தார் எடுத்துக்கொண்ட பிறகு அதற்குள் புதைக்க வேண்டாம், வெளியே சாக்கடையில் புதையுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். கேட்காமல் உள்ளே புதைத்தார்கள், மறுநாள் பெட்டி வெளியே கிடந்தது என்றும் கதை சொல்வார்கள். பெட்டி நகர்ந்ததை விடுங்கள். மழைத்தண்ணீர் ஓடும் இடம் போதும் என்று சொன்ன பிடிவாதத்தை நான் நம்புகிறேன்.

மார்ச் 2

நவீன காலத்துக்கு வருகிறேன், அதோடு 12ஆம் தேதி எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

ஹோஃபியேக்களின் பழைய வாழ்க்கையை முடித்துவைத்தது முதியோர் ஓய்வூதியச் சட்டம். 1947இல் அவசரச் சட்டமாக வந்தது, 1957 முதல் எல்லோருக்கும் உரிமையாயிற்று. அப்போது 65 வயது ஆனால் அரசு மாதாமாதம் பணம் தந்தது. அறங்காவலர் வாசலில் நிற்க வேண்டாம், நல்ல பெயர் எடுக்க வேண்டாம், யாருக்காகவும் ஜெபிக்க வேண்டாம். ஒரே அறை, பொதுக் கழிப்பறை, பெட்ஸ்டே என்று யாரும் இருக்கத் தயாராக இல்லை. பல முற்றங்கள் காலியாயின, கூரை ஒழுகியது. பிறகு நினைவுச்சின்னம் என்று பட்டியலில் சேர்த்துப் பழுது பார்த்தார்கள். அப்போது செய்ததுதான் இரண்டு வீட்டை ஒன்றாக்குவது. நடுச்சுவரை உடைத்து, குளியலறை வைத்து, இன்றைக்கு ஒரு ஆள் வசதியாக இருக்கும்படி. இப்போது வாடகை உண்டு. சில இடங்களில் இளம் வயதினரும் இருக்கிறார்கள். பல இடங்களில் இன்னும் பெண்கள் மட்டும்தான், பெகெய்ன்ஹோஃபிலும் அப்படியே.

மெவ்ரௌவின் வீட்டைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. அவர் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் தள்ளி இன்னொரு கதவு, அதே கரும்பச்சை. பக்கத்து வீடு என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அங்கே யாரையும் பார்த்ததில்லையே என்று போன வாரம் கேட்டேன். காலுறையை இழுத்துக்கொண்டிருந்தேன், அவர் குனிந்து என் தலைக்கு மேலே கையை நீட்டி, தன் அலமாரியைக் காட்டினார். புத்தக அலமாரிக்குப் பின்னால்தான் அந்தக் கதவு. அதுவும் அவர் வீடுதான். உள்ளே சுவர் வைத்து மூடிவிட்டார்கள், வெளியே கதவு மட்டும் நிற்கிறது, வரிசை கெடக் கூடாது என்று. தரையைப் பார்த்தால் தெரிகிறது: அலமாரிக்கு இந்தப் பக்கம் செங்கல் ஓடு ஒரு திசை, அந்தப் பக்கம் இன்னொரு திசை. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் சிமெண்டுக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டும்போது வாக்கரின் சக்கரம் டக் என்று ஒரு தடவை தட்டும். கதவுக்கு வெளியே நின்று நான் கேட்கும் சத்தம் அதுதான், இதுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே 'ஒரு அறை, ஒரு கதவு' என்று நான் எழுதியது அந்த வீட்டைப் பொறுத்தவரை பாதிதான் சரி. இரண்டு பேர் வாழ்ந்த இடத்தில் அவர் ஒருவர் வாழ்கிறார்.

சனிக்கிழமைகளில் அவர் கதவின் பித்தளைப் பிடியைத் துடைப்பார், உட்கார்ந்துகொண்டே. இந்தச் சனிக்கிழமை கவனித்தேன், பக்கத்துக் கதவின் பிடியையும் துடைக்கிறார்.

மார்ச் 4

கடைசி பெகீன் யார் என்று ஒரு கேள்வி. ஆம்ஸ்டர்டாமில் கடைசிப் பெண் 1971 மே மாதம் இறந்தார். பிரெடாவில் ஒருவர் 1990 வரை இருந்தார், நெதர்லாந்தில் அவர்தான் கடைசி. பெல்ஜியத்தில் கோர்ட்ரெய்க் ஊரில் மார்செல்லா பட்டேன் 2013 ஏப்ரலில் இறந்தார், உலகத்திலேயே கடைசி. கண் சரியாகத் தெரியாதவர், பாஞ்சோ வாசிப்பார்.

மார்ச் 5

மறுபடி வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இது. ஹார்லெமில் பகல் நேரத்தில் வாசல் திறந்திருந்தால் உள்ளே போகலாம், சாத்தியிருந்தால் தட்டாதீர்கள். ஸ்டேஷனிலிருந்து எல்லாமே நடக்கிற தூரம். முதலில் பாகெனெஸ், கணக்கைப் போட்டுவிட்டு நுழையுங்கள். பம்புக்குப் பக்கத்தில் நின்றாலே முழு முற்றமும் தெரியும், ஜன்னல் கிட்டே போக வேண்டியதில்லை. ஜன்னல்கள் ரொம்பத் தாழ்வு, உள்ளே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெஞ்சில் ஒரு கிழவி இருந்தால் வணக்கம் சொல்லுங்கள், பேச்சு அவர்களே ஆரம்பிப்பார்கள். ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.